அகப்பை பிடித்த கை

(பொது நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொண்டால் உயர்ந்த தலைவர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நூறு பெயர்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். எனக்கு அதில் மனமில்லை. ஒரே ஒரு சமையற்கட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1913 ஆம் ஆண்டு, அக்டோபர் கடைசியும் நவம்பர் முதல் வாரமும். தென்னாப்பிரிக்காவில், நேட்டால் மாகாணத்தின் எல்லையில் சார்லஸ்டவுன் என்றொரு சிற்றூர். ஆயிரம் பேர் வாழ்ந்தாலே அதிகம். அந்த ஊர் மசூதியின் இடத்தில் அடுப்பு மூட்டி, ஊர் ஜனத்தொகையைப் போல இரண்டு மடங்கு மக்களுக்குச் சோறும் பருப்பும் ஆக்கினார்கள். அரிசியிலும் பாத்திரத்திலும் அவ்வூர் இந்திய வியாபாரிகளின் பங்கு உண்டு. சமைப்பதற்குப் பல கைகள் இருந்தன. பரிமாறும் பொறுப்பு மட்டும் முழுக்க ஒருவரிடம் இருந்தது. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, ஜோகன்னஸ்பர்க்கில் நல்ல வருமானத்தோடு வழக்கறிஞராக இருந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அப்போது அவருக்கு வயது 44.

சாப்பிட வந்தவர்கள் யார்? பெரும்பாலும் நம்மவர்கள். தமிழும் தெலுங்கும் பேசிய சுரங்கக் கூலிகள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் கரைசேர்ந்த நாள் முதல், கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு அங்கேயே சுதந்திரமாக வாழ விரும்பினால் தலைக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். ஆணுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவிக்கும் உண்டு, 16 வயது கடந்த பையனுக்கும் உண்டு, 13 வயது கடந்த பெண்ணுக்கும் உண்டு. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குப் பன்னிரண்டு பவுன். அந்தக் குடும்பத் தலைவனின் மாதக் கூலியோ 14 ஷில்லிங்குக்கு மேல் போகாது என்று காந்தி எழுதுகிறார். ஓராண்டு முழுக்க உழைத்து ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் எட்டரைப் பவுன் தேறாது. அதில் பன்னிரண்டு பவுன் வரியை எப்படிக் கட்டுவது? கட்ட முடியாது. மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது ஊருக்குக் கப்பலேற வேண்டும். வரியின் நோக்கமும் அதுதான்.

அதே ஆண்டு மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சீர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் அந்த நாட்டில் செல்லாது என்பது அதன் விளைவு. தாலி கட்டிக் குடும்பம் நடத்திய பெண்களெல்லாம் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாகிவிட்டது. அப்போது கிளம்பியவர்கள்தான் நேட்டாலை அடுத்த டிரான்ஸ்வால் மாகாணத்தின் பதினோரு பெண்கள். அவர்களில் பத்துப் பேர் தமிழர். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. அவர்கள் நேட்டாலின் நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய், அந்த மூன்று பவுன் வரியைப் பற்றித் தொழிலாளரிடம் பேசினார்கள். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டது. முதலாளிகள் குடியிருப்புகளில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். உடுத்த துணியும் ஒரு கம்பளியுமாக ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

வெளியே வந்தவர்கள் எங்கே போவார்கள்? நியூகாசிலில் டி. எம். லாசரஸ் என்று ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் இருந்தார். கொஞ்சம் நிலம், இரண்டு மூன்று அறைகள் கொண்ட ஒரு வீடு, அவ்வளவுதான் சொத்து. முதலில் அந்தப் பெண்கள் அங்கே தங்கினார்கள். பிறகு காந்தி வந்தார். அவர் பின்னால் நூற்றுக்கணக்கில் கூலிகள் வந்தார்கள். வீடு சத்திரமாகிவிட்டது. அடுப்பு இரவும் பகலும் எரிந்தது. லாசரஸின் மனைவி ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் வேலை செய்தார், ஆனாலும் கணவன் மனைவி இருவர் முகமும் மலர்ந்தே இருந்தது என்று காந்தி பின்னாளில் நெகிழ்ந்து எழுதினார். அந்த அம்மையாரின் பெயர்கூட நம் பாடப்புத்தகத்தில் இல்லை. சத்தியாகிரக வரலாற்றில் ஒரு பெரும் படையின் முதல் சமையற்கட்டு ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு அடுப்பு. இதை இந்த அவையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

அங்கிருந்து சார்லஸ்டவுன் 36 மைல். வழிநடைக்கு ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. இரண்டு நாள் நடந்தார்கள். வழியில் இரண்டு தாய்மார் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். ஒரு குழந்தை குளிரில் போயிற்று, மற்றொன்று ஓடையைக் கடக்கும்போது கைநழுவி விழுந்து போயிற்று. அந்தத் தாய்மாரும் நடையை நிறுத்தவில்லை. இப்படி வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் சார்லஸ்டவுனில் அந்த அடுப்பு எரிந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தச் சமையலைப் பற்றிக் காந்தி ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். ஒரு நாள் பருப்பில் தண்ணீர் அதிகம், மறுநாள் பருப்பு வேகவில்லை. சில நாள் கறிகாயும் வேகாது, சோறும் நருக்கரிசியாக இருக்கும். அதையும் சிரித்த முகத்தோடு சாப்பிட்டார்கள் என்கிறார். சமைப்பதைவிடப் பரிமாறுவது கடினம் என்றும் சொல்கிறார். காரணம், எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிடுவார்கள், ஆக்கின சோறு போதாது. அப்போது ஒவ்வொருவருக்கும் அளவைக் குறைத்துப் போட வேண்டும். பெண்களுக்குக் கொஞ்சமாகப் போட்டபோது அவர்கள் ஒரு கணம் கோபமாகப் பார்த்தார்களாம். அடுத்த கணமே, இந்த மனிதர் தானாக ஏற்றுக்கொண்ட இந்த வேலைக்கு யாரிடமும் நன்றி கிடைக்காது என்று புரிந்து புன்னகை செய்தார்களாம். அந்தப் பார்வையைத் தம்மால் மறக்கவே முடியாது என்று எழுதுகிறார்.

அந்த ஒரு கணத்தை நாம் அவசரமாகக் கடந்துபோகக் கூடாது. கோபம் எப்படிப் புன்னகையாக மாறியது? நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். சோறு தட்டுப்படுகிறது என்று தெரிந்ததும், மேடையில் மாலையோடு நிற்கும் சம்பந்தி வந்து, எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பினால் இலையின் முன் உட்கார்ந்தவனுக்குக் கோபம்தான் வரும். காலையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து இலை இலையாகக் குனிந்து பரிமாறியவர், அண்ணே, இன்னிக்கு இவ்வளவுதான் என்று சொன்னால் அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவான். இருப்பதைப் பங்கிட யாராலும் முடியும். இல்லாததைப் பங்கிட ஒரு தகுதி வேண்டும். அந்தத் தகுதி பதவியால் வருவதில்லை, பேச்சால் வருவதில்லை. எங்கள் கஷ்டத்தின் அளவு இந்த ஆளுக்குக் கை அளவாகவே தெரியும் என்ற நம்பிக்கையால் வருகிறது. சார்லஸ்டவுனில் அகப்பை பிடித்த கைக்கு அந்த நம்பிக்கை கிடைத்தது. ஒவ்வொரு போராட்டத்திலும், ஒவ்வொரு நிறுவனத்திலும், ஒவ்வொரு வீட்டிலும் பற்றாக்குறை நாள் ஒன்று வரும். தலைமை என்று நாம் சொல்வது அந்த நாளில்தான் சோதனைக்கு வருகிறது.

துப்புரவுக் கதையும் இதேதான். அந்த ஊர் சுகாதார அதிகாரி டாக்டர் பிரிஸ்கோ ஓர் ஐரோப்பியர், நல்லவர். இரண்டாயிரம் பேர் திறந்த வெளியில் கிடந்தால் ஊரில் கொள்ளைநோய் வருமே என்று அவருக்குக் கவலை. காந்தி அவரோடு சண்டைக்குப் போகவில்லை. சுகாதார விதிகளை நாங்களே காப்போம் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கை எப்படிக் காப்பது? பெருக்குவதும் கழிவு அள்ளுவதும் கூலிகளின் தலையில் கட்டப்படவில்லை. காந்தியும் உடன் உழைத்தவர்களும் தாமே இறங்கினார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் உற்சாகத்தோடு இறங்கினார்கள். இதைச் சொல்லும் இடத்தில் அவர் ஒரு நுட்பமான கருத்தை வைக்கிறார். ஆணை மட்டும் போட்டால் எல்லாரும் தலைவர்களாகி ஒருவரை ஒருவர் ஏவுவார்கள், கடைசியில் வேலை நடக்காது. தலைவனே வேலைக்காரன் ஆகிவிட்ட இடத்தில் தலைமைக்குப் போட்டி வராது என்பது அவர் கண்ட உண்மை. நம் சங்கங்களில் நடக்கும் நாற்காலிச் சண்டைகளை எண்ணிப் பார்த்தால் இந்த ஒரு கருத்தின் கனம் புரியும். மேடையில் முதல் வரிசைக்கு அடிதடி உண்டு. கூட்டம் முடிந்து நாற்காலி மடக்குகிற வேலைக்கு யாரும் அடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நவம்பர் 6 காலை ஆறரை மணிக்கு 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் எல்லையைக் கடக்கப் புறப்பட்டார்கள். டிரான்ஸ்வாலுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், சிறைக்குப் போவதற்காகவே நுழைந்தார்கள். அடுத்த நான்கு நாளில் காந்தி மூன்று முறை கைதானார். அவற்றில் இரண்டாவது கைது ஸ்டாண்டர்ட்டன் என்ற ஊரில். அங்கிருந்த இந்தியக் கடைக்காரர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள மார்மலேட் டப்பாக்களைக் கொடுத்திருந்தார்கள். காந்தி ஒவ்வொருவருக்கும் அதை வழங்கிக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட்டே நேரில் வந்து பக்கத்தில் நின்றார். வழங்கி முடிக்கும்வரை பேசாமல் காத்திருந்தார். முடிந்த பிறகுதான் தனியே கூப்பிட்டு, நீர் என் கைதி என்றார். ஒரு சாம்ராஜ்யத்தின் சட்டம், பரிமாறும் கை ஓயும்வரை ஓரமாக நின்றது. அந்த மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டம் தெரியும். இந்தப் பந்தி பாதியில் கலைந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கும்.

காந்தியைச் சிறையில் அடைத்தால் கூட்டம் சிதறிவிடும் என்று அரசு எண்ணியது. சிதறவில்லை. காந்தியின் தோழர் போலக் பொறுப்பேற்று நடத்திச் சென்றார். பால்ஃபர் என்ற ஊரில் எல்லாரையும் ரயிலேற்றித் திருப்பி அனுப்பிச் சுரங்கங்களையே சிறையாக்கினார்கள். அப்போதும் வேலைநிறுத்தம் அடங்கவில்லை, கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. 1914 இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது, நம் திருமணங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலையில் ஒன்று, சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து அந்த ஆண்டு பிப்ரவரி 22 இல் கண்மூடிய 16 வயதுத் தில்லையாடி வள்ளியம்மை.

இந்தக் கதையில் காந்தியைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சமாவது முன்பே தெரிந்திருக்கும். தம்பி நாயுடுவைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? மொரீஷியஸில் பிறந்த தமிழர். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. பள்ளிக்கூடப் படிப்பு அநேகமாக இல்லை, ஆனால் தமிழ், ஆங்கிலம், இந்துஸ்தானி, கொஞ்சம் தெலுங்கு, மொரீஷியஸின் கிரியோல் என்று பல மொழிகளில் புழங்கியவர். ஜோகன்னஸ்பர்க்கில் சாதாரண வியாபாரி. 1908 ஜனவரியில் காந்தியோடு சிறைக்குப் போன முதல் சிலரில் ஒருவர். அடுத்த மாதம் மீர் ஆலம் என்பவரும் கூட்டாளிகளும் காந்தியைத் தாக்கியபோது உடன் அடி வாங்கியவர். 1913 இல் அந்தப் பதினோரு பெண்களோடு நியூகாசிலுக்குப் போனவர் அவர். அந்தப் பெண்களில் ஒருவர் அவருடைய மனைவி வீரம்மாள்.

காந்தி அவரைப் பற்றித் தீட்டும் சித்திரத்தில் என் மனத்தில் நிற்பது ஒன்று. கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னாலும் சுமை தூக்கச் சொன்னாலும் அவர் ஒரே மாதிரி சோபித்தாராம். நடுத்தெருவில் எல்லார் கண்ணெதிரிலும் மூட்டை சுமக்க அவருக்கு வெட்கமே கிடையாதாம். கூலி என்பது அங்கே இந்தியர் எல்லாரையும் இழிவுபடுத்தும் வசைச் சொல். பாரிஸ்டரையும் 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், கூலி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று வியாபாரிகள் கோட்டும் தொப்பியுமாக நடக்கும் தெருவில், ஒரு சங்கத் தலைவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார். ஒப்பந்தக் கூலிகளுக்கு அந்தக் காட்சி என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் அவர் பேச்சைக் கேட்டுச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தார்கள் என்றால் அதில் வியப்பென்ன?

அவரிடம் குறையும் இருந்தது. முன்கோபி, படபடப்புக்காரர். அந்தக் குணம் மட்டும் இல்லையென்றால் டிரான்ஸ்வால் இந்தியருக்கே தலைமையேற்றிருக்கக் கூடியவர் என்று காந்தியே எழுதுகிறார். தொண்டு ஒன்றே போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நான் சொல்ல மாட்டேன். உழைக்கிற கையோடு பொறுமையான நாக்கும் வேண்டும்.

இனிக் கொஞ்சம் பின்னால் போகலாம். சார்லஸ்டவுன் ஒரே நாளில் நடந்துவிடவில்லை.

1901 டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் கூடியது. தின்ஷா வாச்சா தலைவர். 32 வயது காந்தி தென்னாப்பிரிக்க இந்தியருக்காக ஒரு தீர்மானம் நிறைவேற்றப் போயிருந்தார். பிரதிநிதிகளுக்கு ரிப்பன் கல்லூரியில் இடம். கழிப்பறைகள் சில, வந்தவர்கள் பலர். நாற்றம் தாங்கவில்லை. தொண்டர்களிடம் காட்டினார். அது எங்கள் வேலை இல்லை, தோட்டி வேலை என்றார்கள். ஒரு துடைப்பம் கொடுங்கள் என்று கேட்டார், அவரை வியப்போடு பார்த்தார்கள். எங்கேயோ தேடி ஒரு துடைப்பம் வாங்கித் தம் உபயோகத்துக்கான ஒன்றை மட்டும் சுத்தம் செய்தார். அத்தனையையும் செய்ய ஒருவரால் இயலாது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். பிறகு செயலாளர்களில் ஒருவரான கோஷாலிடம் போய், வேலை ஏதாவது கொடுங்கள் என்று நின்றார். பதில் எழுதாத கடிதங்கள் குவிந்து கிடந்தன. குமாஸ்தா வேலையை எடுத்துக்கொண்டார். கோஷாலின் சட்டைக்குப் பொத்தான் போடுவது அவருடைய வேலையாளின் வழக்கம், அதையும் காந்தி தாமே செய்தார். தீர்மானத்தின் மேல் பேசக் கிடைத்தது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைவிட, காங்கிரஸ் எப்படி நடக்கிறது என்று உள்ளிருந்து கற்ற அந்தக் குமாஸ்தா வேலைதான் பின்னாளில் பயன்பட்டது என்பது என் எண்ணம்.

இது தமிழ்நாட்டு அவை என்பதால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மாநாட்டில் தமிழ்ப் பிரதிநிதிகளுக்கு மட்டும் தனிச் சமையலறை. பிறர் பார்வை பட்டாலே உணவு தீட்டாகிவிடும் என்று தட்டி அடைத்து, புகை போக வழியில்லாமல், அதற்குள்ளேயே சமையல், சாப்பாடு, கைகழுவல் எல்லாம். தேசத்துக்காகக் கூடியவர்களே இப்படியென்றால் மற்றவர்களிடம் தீண்டாமை எப்படி இருக்கும் என்று காந்தி மனம் நொந்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு மசூதியின் இடத்தில், ஓர் அடுப்பில் வெந்த சோற்றைத் தமிழ்க் கூலிகள் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். தட்டிக்குள் சாப்பிட்ட படித்தவர்களைவிட அந்தக் கூலிகள் எவ்வளவோ உயர்ந்தவர்கள்.

இன்னொரு நிகழ்ச்சி, 1898 வாக்கில் காந்தியின் டர்பன் வீட்டில் நடந்தது. அவருடைய குமாஸ்தாக்களில் ஒருவர் பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அந்தக் குமாஸ்தாவின் மலச்சட்டியை எடுத்துக் கழுவும் வேலை கஸ்தூரிபாவுக்கு வந்தது. கண்ணீரோடு எடுத்துப் போனார் அந்த அம்மையார். கண்ணீர் கூடாது, சிரித்துக்கொண்டு செய்ய வேண்டும் என்று காந்தி கத்தினார். கையைப் பிடித்துத் தெருக்கதவு வரை இழுத்துச் சென்று வெளியே தள்ளப் போனார். போக்கிடம் இல்லாத நாட்டில் மனைவியை இப்படியா நடத்துவது என்று அந்தப் பெண் கேட்ட பிறகுதான் அவருக்கு வெட்கம் வந்தது. இதை அவரே தம் சுயசரிதையில் எழுதிவைத்தார்.

சத்தியாகிரகத்தின் ஆசிரியை கஸ்தூரிபாதான் என்று நான் சொல்வேன். தான் ஏற்றுக்கொண்ட எளிய வேலைக்கும் பிறர்மேல் ஏற்றிய எளிய வேலைக்கும் உள்ள தூரத்தை அன்றைக்கு அந்தக் கதவருகில் அவர் காட்டிக்கொடுத்தார். 1913 செப்டம்பரில் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து சிறைக்குப் புறப்பட்ட முதல் குழுவின் பதினாறு பேரில் அவரும் ஒருவர். இந்த முறை யாரும் அவரைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை, அவராகவே வந்தார்.

இங்கேதான் நம் நாட்டில், நம் காலத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். எளிய வேலையைப் புகழ்வது சுலபம். பிறப்பைக் காரணம் காட்டி ஒரு வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அது புனிதமான தொண்டு என்று பாட்டுப் பாடினால் அது கொடுமை. தோட்டி வேலையை உயர்ந்த சேவை என்று காந்தி புகழ்ந்ததை அம்பேத்கர் கடுமையாக எதிர்த்தார். அந்தப் புகழ்ச்சி, அதில் சிக்கியவர்களை அங்கேயே இருத்தி வைக்கத்தான் உதவும் என்றார். அம்பேத்கர் சொன்னதை ஏற்காமல் இந்தத் தலைப்பில் பேசும் உரிமை நமக்கில்லை. கையால் மலம் அள்ளும் வேலையில் மனிதரை அமர்த்துவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர்கள் இறங்குகிறார்கள், விஷவாயுவில் சாகிறார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவுகளுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டியிருந்தது என்பதே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. காந்தி ஜெயந்தியன்று புதுத் துடைப்பத்தோடு, முன்பே பெருக்கி வைத்த தெருவில் பெருக்கிப் படம் எடுத்துக்கொள்கிறவர்களை நான் தொண்டர் என்று சொல்ல மாட்டேன். அதே தெருவில் மறுநாள் காலை ஐந்து மணிக்கு வரும் தூய்மைப் பணியாளரின் சம்பளம், கையுறை, காலணி, ஓய்வறை பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்வேன்.

நம் மரபில் இதற்கு அடையாளம் இல்லையா? உண்டு. சைவம் போற்றும் நால்வரில் மூத்தவரான அப்பரின் திருவுருவத்தில் கையில் இருப்பது உழவாரம், கோயில் வழியில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி. தம்மைவிட வயதில் மிக இளைய சம்பந்தரின் பல்லக்கை, யாரும் அறியாமல் சுமப்போரோடு சேர்ந்து அவர் சுமந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அப்பரை வணங்குகிற ஊரில் புல் செதுக்குகிறவரை வாசலில் நிறுத்திப் பேசுவது எந்த வகையில் பக்தி என்று எனக்குப் புரியவில்லை.

1917 இல் பீகாரின் சம்பாரணில், அவுரி விவசாயிகளுக்காகப் பணியாற்ற வந்த வக்கீல்கள் ஆளுக்கு ஒரு வேலைக்காரன், ஒரு சமையல்காரன் என்று வந்தார்கள். ஆளுக்கு ஒரு சமையல், நள்ளிரவில் சாப்பாடு. காந்தி அவர்களைக் கேலி செய்து, மெல்ல மெல்ல ஒரே சமையலுக்குக் கொண்டுவந்தார், வேலைக்காரர்களை அனுப்பிவைத்தார். அந்த வக்கீல்களில் ஒருவர்தான் ராஜேந்திர பிரசாத், பின்னாளில் நம் முதல் குடியரசுத் தலைவர். டர்பன் வீட்டில் கையைப் பிடித்து இழுத்தவர், சம்பாரணில் சிரித்துப் பேசியே காரியத்தைச் சாதித்திருக்கிறார். தொண்டை யாரிடமும் திணிக்காமல் பரப்ப முடியும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம்.

இந்த அவையில் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறீர்கள், இளைஞர் மன்றம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் சில வேண்டுகோள்கள். பள்ளிக் கழிப்பறையைக் கழுவப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள், அதிலும் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுவது பாவம், குற்றமும்கூட. நிரந்தரமாக ஆள் வைத்து, உரிய கூலி கொடுத்து, நீரும் கருவியும் கொடுங்கள். ஆனால் வாரம் ஒரு முறையாவது அந்தக் கழிப்பறைக்குள் நீங்களே போய்ப் பாருங்கள், பிள்ளைகள் பயன்படுத்தும் அதே கழிப்பறையை நீங்களும் பயன்படுத்துங்கள். சத்துணவு போடும் நேரத்தில் அறைக்குள் உட்கார்ந்திருக்காமல் ஒரு நாள் அகப்பையை வாங்கிப் பரிமாறுங்கள். எந்தப் பிள்ளை இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்படுகிறது என்று அப்போதுதான் தெரியும். அன்னதானம் நடத்துகிறவர்கள் முதல் பந்தியில் உட்காராதீர்கள், கடைசிப் பந்திக்குப் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைப் பாத்திரம் கழுவும் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஓர் ஆளை இறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த இடத்துக்கு ஓடிப்போய்த் தடுத்து நிறுத்துங்கள், இயந்திரத்தை வரவழையுங்கள். அது ஆயிரம் மேடைப் பேச்சுக்குச் சமம்.

லாசரஸின் வீட்டு அம்மையாரைப் பற்றியும் தம்பி நாயுடுவைப் பற்றியும் உங்கள் பிள்ளைகளிடம் இன்று இரவே சொல்லுங்கள்.